பெரிய துளைக்கு எந்த ட்ரில்? யூ ட்ரில் வாங்குமுன் ஒரு லேத் பட்டறைக் கணக்கு

போன மாதம் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் லேத் (கடைசல் மெஷின்) ஓடும் சத்தம், அதற்கு மேலே அவர் குரல். "அண்ணே, யூ ட்ரில் ஒன்னு எடுக்கலாமுன்னு பாக்குறேன். கொழும்புல ஒரு கடையில சொல்லி வச்சிருக்கேன். அப்பா காலத்து லேத்துதான், தாங்குமா? இல்ல, டேப்பர் ட்ரில்லே இன்னும் ரெண்டு வாங்கிப் போட்டுறவா?"

இந்த வருடத்தில் இதைக் கேட்ட மூன்றாவது ஆள் அவர். தலவாக்கலையில் ஒருவர் வாங்கிவிட்டுக் கேட்டார். பண்டாரவளையில் ஒருவர் வாங்கி, உடைத்து, அதன் பிறகு கேட்டார். ஹட்டனில் இரண்டு பழைய லேத்தை வைத்துக்கொண்டு தேயிலை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வேலையும் லொறி வேலையும் பார்க்கிறவன் நான். யூ ட்ரில்லும் இருக்கிறது, தகர டப்பா நிறைய டேப்பர் ட்ரில்லும் இருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டேப்பர் ட்ரில் என்பது கூம்பான வாலுள்ள சாதாரண முறுக்கு ட்ரில், எச்.எஸ்.எஸ். என்ற அதிவேக உருக்கில் செய்தது. கடையில் யூ ட்ரில் என்று சொல்வது இன்சர்ட் (கழற்றி மாட்டும் சின்ன வெட்டுத் துண்டு) மாட்டும் ட்ரில்லைத்தான். உடம்பு உருக்கு, நுனியில் இரண்டு கார்பைட் இன்சர்ட், ஒவ்வொன்றும் ஒரு பொடித் திருகாணியில் நிற்கும். உள் இன்சர்ட் மையப் பக்கத்தை வெட்டும். வெளி இன்சர்ட் மீதியை வெட்டித் துளையின் விட்டத்தைத் தீர்மானிக்கும். முனை மழுங்கினால் திருகாணியைத் தளர்த்தி அடுத்த முனைக்குத் திருப்பிப் போடலாம். சாணைக்குப் போக வேண்டியதில்லை. 13 மி.மீ. சுமாரிலிருந்து 60 மி.மீ.க்கு மேலும் கிடைக்கிறது.

எதை வைத்து அளப்பது

கடைக்காரர் முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்வார். நான் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒரே அளவில் எத்தனை துளை போடப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஸ்டோர் வேலை இரண்டு விதமாக வரும். ரோலர் (கொழுந்து உருட்டும் மெஷின்) கிராங்க் புஷ் (தண்டு சுற்றும் உள்வளையம்) தேய்ந்தது, மின்விசிறி ஹப் வெடித்தது என்று ஒற்றை ஒற்றையாக, அதுவும் 'இன்றைக்கு ராத்திரி கொழுந்து நிற்கிறது, உடனே வேண்டும்' என்று வருவது ஒரு விதம். ட்ரையர் செயின் ரோலர், கன்வேயர் புஷ் என்று நூறு, இருநூறாக வருவது இன்னொரு விதம். இந்த இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

அடுத்து, துளை புதிதா, இருக்கிற துளையைப் பெரிதாக்குவதா? இதை யாரும் யோசிப்பதில்லை. பழுது பார்க்கும் பட்டறையில் பாதி வேலை தேய்ந்த துளையை அகட்டிப் புஷ் போடுவது. யூ ட்ரில் அதற்கு ஆகாது. ஏற்கெனவே துளை இருந்தால் உள் இன்சர்ட்டுக்கு வெட்ட ஒன்றும் இல்லாமல் போகும். வெளி இன்சர்ட் மட்டும் ஒரு பக்கமாக இழுக்க, ட்ரில் வளைந்து போகும். இரண்டு இன்சர்ட்டின் விசையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும்படிதான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு லேத். மூன்று விஷயம்: அதிகபட்சச் சுற்று, மோட்டாரின் பலம், ஆட்டம். சுற்றுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு இத்தனை மீட்டர்) 318ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 25 மி.மீ. எச்.எஸ்.எஸ். ட்ரில்லை மைல்ட் ஸ்டீலில் 28 மீட்டரில் ஓட்டினால் 356 சுற்று. அதே 25இல் யூ ட்ரில்லை 150 மீட்டரில் ஓட்ட 1,908 சுற்று வேண்டும். நம் பக்கத்துப் பழைய லேத் பலவும் ஆயிரத்தோடு மூச்சு வாங்கும்.

பலத்தையும் பார்த்துவிடுவோம். வெட்டு வேகம், விட்டம், ஒரு சுற்றுக்கான ஃபீட் (ட்ரில் முன்னேறும் மி.மீ.), உலோகத்தின் எதிர்ப்பு நான்கையும் பெருக்கி 2,40,000ஆல் வகுத்தால் கிலோவாட். மெல்லிய சுருளாக வெட்டும்போது மைல்ட் ஸ்டீலின் எதிர்ப்பைச் சதுர மில்லிமீட்டருக்கு 2,500 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். 25 மி.மீ., 150 மீட்டர், ஃபீட் 0.1 என்றால் 3.9 கிலோவாட். கியர், பெல்ட் இழப்பையும் சேர்த்தால் ஆறு குதிரைவலுவுக்கு மேலே மோட்டார் வேண்டும். மூன்று குதிரைவலு மோட்டார் 2.2 கிலோவாட்தான். அதனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது வேறு மெஷினுக்கு எழுதியது. (சாதாரண மோட்டாருக்குப் போட்டிருக்கும் பலம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் வரைக்குத்தான். ஹட்டன் அதற்கு மேலே. நம் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது என்பது வேறு கதை.)

கடைசியாக, மழுங்கினால் என்ன செய்வீர்கள்? மலையில் இருப்பவனுக்கு இது பெரிய கேள்வி. இன்சர்ட் கொழும்பு பழைய சோனகத் தெருவிலிருந்து பஸ்ஸில் ஏறி வர வேண்டும். அதற்கும் முன்னால் அது கப்பலில் வர வேண்டும். 2022இல் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியபோது பெட்டி இன்சர்ட்டின் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியவர்களில் நானும் ஒருவன். கார்பைட்டுக்கு மூலப்பொருள் டங்ஸ்டன். உலகத்து டங்ஸ்டனில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பெப்ரவரியில் அவர்கள் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலை சரிந்து வீதியும் ரயில் பாதையும் அடைபட்டுக் கிடந்த நாட்களில், கரண்ட் வந்த பிறகும் சாமான் வரவில்லை. எங்கள் பட்டறையில் அப்போது வேலை ஓடியது சாணைக்கல்லின் புண்ணியத்தில்.

ஒரே பார்வையில்

| | எச்.எஸ்.எஸ். டேப்பர் ட்ரில் | யூ ட்ரில் | ஸ்பேட் ட்ரில் | முழுக் கார்பைட் ட்ரில் |
|---|---|---|---|---|
| வசதியான விட்டம் | 50 மி.மீ. வரை | 13 முதல் 60க்கு மேல் | 25க்கு மேல் | 20 மி.மீ. வரை |
| மைல்ட் ஸ்டீலில் வெட்டு வேகம் (நிமிடத்துக்கு) | 25–30 மீட்டர் | 150–250 மீட்டர். பழைய லேத்தில் 70 கிடைத்தாலே அதிகம் | எச்.எஸ்.எஸ். பிளேடுக்கு 20–30 மீட்டர் | 80–120 மீட்டர் |
| மைய ட்ரில், பைலட் (சின்ன முன்துளை) | வேண்டும் | கூடாது | மையம் குத்தினால் போதும் | பெரும்பாலும் வேண்டாம் |
| ஆழம் | சுருளை வெளியே எடுத்து எடுத்து, நீளம் உள்ள மட்டும் | விட்டத்தின் 2 முதல் 5 மடங்கு | நீளமான ஹோல்டரில் ஆழம் போகும் | 3 முதல் 8 மடங்கு |
| துளை அளவு | சாணை பிடித்தவர் கையில் | 0.1–0.2 மி.மீ. கூடலாம் | சொரசொரப்பு, பிறகு போரிங் | நல்லது |
| பழைய துளையை அகட்ட | ஆகும் | ஆகாது | ஆகாது | ஆகாது |
| மழுங்கினால் | சாணை | முனையைத் திருப்பு | பிளேடு மாற்று அல்லது சாணை | கொழும்புக்கு அனுப்பு |
| ஆட்டமுள்ள லேத்தில் | பொறுத்துக்கொள்ளும் | முனை உடையும் | மெதுவாக ஆகும் | வேண்டவே வேண்டாம் |

எச்.எஸ்.எஸ். டேப்பர் ட்ரில்

எல்லாருக்கும் தெரிந்த பழைய நண்பன். 14 மி.மீ. வரை ஒன்றாம் நம்பர் டேப்பர், 23 வரை இரண்டு, 32க்குக் கிட்ட வரை மூன்று, 50 வரை நான்கு. டெயில் ஸ்டொக்கில் (லேத்தின் வால்பக்கத் தலை) ஸ்லீவ் வைத்துத் தட்டினால் வேலை தொடங்கிவிடும். லேத்தில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. பையன் கைச்சக்கரத்தைச் சற்று வேகமாகச் சுற்றிவிட்டாலும் முனை நொறுங்காது, முனகும்.

நமக்கு அதில் இன்னொரு பெரிய லாபம், அங்குல அளவு கிடைப்பது. மலையகத்து ஸ்டோர்களில் நிற்கும் ரோலரும் ட்ரையரும் பலவும் பிரித்தானியாவிலிருந்து வந்த பரம்பரை. போல்ட் எல்லாம் விட்வர்த் மரை. ஒரு அங்குல விட்வர்த் மரை வெட்ட எட்டில் ஏழு பங்கு அங்குல ட்ரில், அல்லது 22 மி.மீ. வேண்டும். ஒன்றேகால் அங்குலத் தண்டுக்குத் துளை என்றால் டேப்பர் ட்ரில்லில் அதே அளவைத் தேடி எடுக்கலாம். யூ ட்ரில் கடைகளில் மி.மீ. அளவில்தான் தொங்குகிறது, 31 போட்டு மீதியைப் போரிங் பாரால் (துளையை உள்ளிருந்து அகட்டும் வெட்டுக் கம்பி) எடுக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு சாணையில் இருக்கிறது. 118 பாகை முனை, இரண்டு உதடும் ஒரே நீளம் என்று சொல்வது எளிது. ஒரு உதடு அரை மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் மையம் தள்ளிப் போய்த் துளை அகன்றுவிடும். நல்ல சாணைக்கை உள்ள ஆள் பட்டறையை விட்டுப் போனால் அன்றிலிருந்து எல்லாத் துளையும் பெரிதாகத்தான் விழும், அனுபவம். நீலம் பாயும் வரை கல்லில் அழுத்திவிட்டு, 'ட்ரில் சரியில்லை அண்ணே' என்று வருகிற பையன்களும் உண்டு.

பைலட் துளை பற்றி ஒரு வார்த்தை. 25 மி.மீ. ட்ரில்லின் நடுவே குறுக்காக இருக்கும் வெட்டாத முனை நாலு மி.மீ. சுமார். பைலட் அதைவிடச் சற்றுப் பெரிதாக, ஆறு மி.மீ. இருந்தால் போதும். நம்மில் பலர் 12, 16, 20 என்று படிப்படியாக ஏறிப் போகிறோம். அப்படிப் போட்டால் ஒவ்வொரு ட்ரில்லும் மூலையில் மட்டும் வெட்டி, மூலை கருகும். நேரமும் மூன்று மடங்கு. யூ ட்ரில் வாங்குவதற்கு முன் இந்தப் பழக்கத்தை விட்டுப் பாருங்கள். சிலருக்கு யூ ட்ரில் தேவையே இல்லாமல் போகலாம்.

யூ ட்ரில்

முதல் யூ ட்ரில்லை நான் டெயில் ஸ்டொக்கில் மாட்டினேன். வேறு எங்கே மாட்டுவது என்று தெரியாது. மூன்றாவது துளையில் 'டக்' என்று ஒரு சத்தம். உள் இன்சர்ட் தூள். திருகாணியோடு சேர்ந்து, இன்சர்ட் உட்காரும் மேடையின் ஓரமும் பெயர்ந்திருந்தது. இன்சர்ட் போனால் இன்சர்ட் விலை. மேடை போனால் முழு ட்ரில்லும் போச்சு. யாரையும் குறை சொல்ல முடியாது, என் தப்புத்தான்.

பழைய லேத்தின் டெயில் ஸ்டொக் தேய்ந்து கொஞ்சம் தாழ்ந்திருக்கும். டேப்பர் ட்ரில்லுக்கு முனை உண்டு. அது பைலட்டைப் பிடித்துக்கொண்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும். யூ ட்ரில்லுக்கு அந்த முனை இல்லை. வைத்த இடத்தில்தான் வெட்டும். மையம் சரியாக இல்லாவிட்டால் உள் இன்சர்ட் செத்தது. அதோடு கைச்சக்கரத்து ஃபீட் சீராக இருக்காது. நடுவில் ஒரு கணம் நின்றால் இன்சர்ட் உரசிச் சூடேறும், சுருள் நாடாவாக நீண்டு ட்ரில்லைச் சுற்றிக்கொள்ளும்.

இதற்கு வழி, ட்ரில்லை டூல் போஸ்ட்டில் (வெட்டுக் கருவி பிடிக்கும் இடம்) ஏற்றிச் சாடிலின் (அதைச் சுமந்து நகரும் வண்டியின்) தானியங்கி ஃபீட்டில் ஓட்டுவது. பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டிக்கொடுத்த முறை இது. ஒரு கனமான இரும்புக் கட்டையை டூல் போஸ்ட் இருக்கும் இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். போரிங் பாரைச் சக்கில் (பிடித்துச் சுற்றும் தாடை) பிடியுங்கள். இப்போது சுற்றுவது சக், நகர்வது கட்டை. அந்தக் கட்டையில் ட்ரில்லின் ஷாங் (பிடிக்கும் வால்) அளவுக்கு, பெரும்பாலும் 25 மி.மீ., துளை போட்டால் அந்தத் துளையின் மையமும் லேத்தின் மையமும் ஒன்றாகிவிடும். துளையைப் போட்டதே அந்தச் சக்தானே! குறுக்குச் சாடில் நின்ற இடத்தை டயலில் குறித்து வையுங்கள். மேலிருந்து இரண்டு திருகாணி ஷாங்கின் தட்டைப் பக்கத்தில் இறங்க வேண்டும்.

மையம் சரியா என்று ட்ரில்லே சொல்லும். ஐந்து மி.மீ. ஆழம் போட்டு நிறுத்தி, விளக்கு பிடித்துத் துளையின் அடியைப் பாருங்கள். நட்ட நடுவில் முடி போல மெல்லிய ஒரு குச்சி நின்றால் சரி. குச்சி தடித்திருந்தால் இன்சர்ட் மையத்துக்கு அதிகமாகக் கீழே இருக்கிறது. குச்சியே இல்லையென்றால் மையத்துக்கு மேலே ஏறிவிட்டது. அப்படியே ஓட்டினால் சீக்கிரம் அந்த 'டக்' கேட்கும்.

சுருளையும் கவனியுங்கள். வெளி இன்சர்ட்டிலிருந்து சின்னச் சின்னக் காற்புள்ளி மாதிரித் துண்டுகள் வர வேண்டும். உள் இன்சர்ட்டிலிருந்து கூம்பாகச் சுருண்டவை வரும். நீள நாடா வந்தால் ஃபீட் குறைவு. 0.05இல் நடுங்கிக்கொண்டு ஓட்டுவதைவிட 0.08, 0.1இல் துணிந்து ஓட்டினால் ட்ரில்லுக்கு நல்லது. குறைந்த வேகத்தில் முனையில் உலோகம் ஒட்டிக்கொள்ளும் தொந்தரவு இருக்கவே செய்யும். அதற்குக் கூரான, பூச்சுள்ள, உடையாத வகை கிரேட் கேட்டு வாங்குங்கள்.

கூலன்ட் (குளிர்விக்கும் நீர்) ட்ரில்லின் உடம்புக்குள்ளேயே வரும்படி துளை இருக்கிறது. பின்னால் ஒரு நிப்பிள் போட்டுக் குழாயைச் சொருகிவிடலாம். விட்டத்தின் இரண்டு மடங்கு ஆழம் வரை லேத்தோடு வந்த சின்னப் பம்பே சமாளிக்கும். மூன்று மடங்குக்கு மேல் போனால் அழுத்தமான பம்ப் வேண்டும். லேத்தில் துளை படுத்த வாக்கில் இருப்பதால் சுருள் தானாக விழாது, நீர்தான் தள்ளி வெளியேற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஊடுதுளையில் ட்ரில் மறுபக்கம் வெளியேறும் கணத்தில் ஒரு தட்டு கழன்று வரும். நாணயம் மாதிரி வட்டமாக, ஓரமெல்லாம் கத்தி. குட்டையான சாமானைச் சக்கில் பிடித்திருந்தால் அது தாடைகளுக்கு நடுவிலிருந்து பறக்கும். எங்கள் பட்டறைக் கூரைத் தகரத்தில் அப்படி ஒன்று குத்திய பள்ளம் இன்னும் இருக்கிறது. சக்குக்கு மூடி போடாமல் ஓட்ட வேண்டாம். இதே காரணத்தால் இரண்டு மூன்று தகட்டை அடுக்கி யூ ட்ரில் போடவும் கூடாது. அந்தத் தட்டு நடுவில் மாட்டிக்கொண்டு சுற்றி இன்சர்ட்டைத் தின்றுவிடும். கூப்ளிங், ஃபிளேஞ்ச் அடுக்கிப் போடுவது நம் பழக்கம், ஜாக்கிரதை.

மறைந்த செலவுகள்: இன்சர்ட்டைப் பெரும்பாலும் பத்து அடங்கிய பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். திருகாணி சூட்டில் நீண்டு தளரும். அதையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டையும் ஒருநாள் வேலை. இவற்றைவிடப் பெரியது, அளவுக்கு ஓர் உடம்பு வேண்டும் என்பது. 22க்கு ஒன்று, 25க்கு ஒன்று என்று போனால் பெட்டி நிறைவதற்குள் பை காலியாகும். ஆகவே இன்சர்ட்டைப் பார்த்து உடம்பை வாங்குங்கள். எஸ்.பி.எம்.ஜி. 07 இன்சர்ட் போடும் உடம்புகள் 22 முதல் 27 மி.மீ. வரை கிடைக்கின்றன, ஒரே பெட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அது நாலு முனை. டபிள்யூ. எழுத்தில் தொடங்கும் முக்கோணச் சாயல் இன்சர்ட்டில் மூன்று முனைதான். பேரம் பேசும்போது முனைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

180 ரோலர் கணக்கு

விலையை ரூபாயில் எழுதப் போவதில்லை. நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும். நேரத்தில் சொல்கிறேன். ஒரு ஸ்டோருக்கு ட்ரையர் செயின் ரோலர் 180. மைல்ட் ஸ்டீல், நீளம் 40 மி.மீ., துளை 22.

டேப்பர் ட்ரில்லில் 405 சுற்று. கைச்சக்கரத்தில் சுமார் 0.15 ஃபீட், நிமிடத்துக்கு 60 மி.மீ. ட்ரில்லின் கூர்ப்பகுதியும் வெளியே வர வேண்டும் என்பதால் 47 மி.மீ. போக வேண்டும், ஏறக்குறைய 47 வினாடி. யூ ட்ரில்லில் என் லேத்தின் உச்சமான 1,000 சுற்று. அது 69 மீட்டர் வெட்டு வேகம்தான், பெட்டியில் சொன்னதில் பாதிகூட இல்லை. 0.08 ஃபீட்டில் நிமிடத்துக்கு 80 மி.மீ., அதாவது 30 வினாடி. பலம் 1.3 கிலோவாட்டுக்குள் அடங்கிவிட்டது. மூன்று குதிரைவலு மோட்டார் சத்தமில்லாமல் இழுத்தது.

வெட்டும் நேரத்தில் 17 வினாடிதான் மிச்சம். இதற்கா இவ்வளவு செலவு என்று தோன்றும். ஆனால் டேப்பர் ட்ரில்லுக்கு முன்னால் மைய ட்ரில் இருக்கிறது, பைலட் இருக்கிறது, மூன்றையும் டெயில் ஸ்டொக்கில் மாற்றி மாற்றித் தட்ட வேண்டியிருக்கிறது, நடுவில் இரண்டு தடவை வெளியே இழுத்துச் சுருளைத் துடைக்க வேண்டியிருக்கிறது. ஒரு ரோலருக்கு எல்லாம் சேர்த்து நாலு நிமிடம் ஆனது. யூ ட்ரில்லில் சக்கில் பிடி, லிவரைப் போடு, கழற்று: ஒன்றரை நிமிடம். 180க்கு ஏழரை மணி நேரம் மிச்சம், ஒரு முழுநாள். வெளி இன்சர்ட்டில் மூன்று முனை தீர்ந்தது, உள்ளே ஒன்று.

பழைய லேத்தில் யூ ட்ரில் தரும் லாபம் வேகத்தில் வருவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். மைய ட்ரில், பைலட் என்ற இரண்டு வேலை ஒழிவதில் வருகிறது. அந்த லாபம் நூறாவது ரோலரில் தெரியும். நாலு ரோலரில் தெரியாது; நாலுக்கு யூ ட்ரில்லை ஏற்றி மையம் பார்ப்பதற்குள் டேப்பர் ட்ரில்லில் வேலை முடிந்துவிடும்.

ஸ்பேட் ட்ரில்

40, 50 மி.மீ. என்று பெரிதாகப் போகும்போது நினைக்க வேண்டியது. ஒரு ஹோல்டரில் பல அளவு பிளேடு மாட்டலாம் என்பதால் அளவுக்கு ஓர் உடம்பு என்ற தலைவலி குறைவு. குறைந்த சுற்றில் ஓடும், ஆகவே பழைய லேத்துக்கு உறவு. ஆனால் முறுக்கு அதிகம். பெல்ட் வழுக்கும், சாமான் சக்கில் சுற்றும். துளை சொரசொரப்பாக வரும். எப்படியும் போரிங் பார் போடப்போகும் புல்லி (பெல்ட் ஓடும் கப்பி), ஹப் போன்றவற்றுக்கு எனக்குப் பிடிக்கும்.

முழுக் கார்பைட்

நம் லேத்துக்கு இல்லை. ஆட்டம் என்றால் ஒரே நொடியில் இரண்டு துண்டு. நல்ல மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள் 10, 12 மி.மீ.க்கு யோசிக்கலாம்.

வெளியே சி.என்.சி. (கணினியில் ஓடும் மெஷின்) பட்டறைக்குக் கொடுப்பது

இதையும் ஒரு வழியாகவே எண்ணுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஐந்நூறு, ஆயிரம் என்று வந்தால், அல்லது துளை அளவு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்குள் நிற்க வேண்டுமென்றால், கண்டியிலோ கொழும்பிலோ கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது லாபம். மறைந்த செலவு லொறிக் கூலியும், 'நாளைக்கு அண்ணே' என்ற பதிலும். ஸ்டோர் நிற்கும்போது அதை நடத்தும் டீமேக்கர் நாளைக்கு என்ற சொல்லைக் கேட்க மாட்டார்.

உலோகத்தைப் பொறுத்து

வார்ப்பிரும்பில் யூ ட்ரில் நன்றாகவே ஓடும், தூள்தான் பறக்கும். வார்ப்பிரும்புக்கு ஏற்ற கிரேட் கேளுங்கள். 304 துருப்பிடிக்காத உருக்கில் டேப்பர் ட்ரில்லை ஒரு கணம் தயங்க விட்டாலும் அடி கடினமாகி மின்னும். அங்கே கோபால்ட் ட்ரில் அல்லது யூ ட்ரில். வெல்டிங் நிரப்பிய பழைய தண்டு வந்தால் முதலில் அரத்தால் உரசிப் பாருங்கள். அரம் வழுக்கினால் எச்.எஸ்.எஸ். போகாது. கார்பைட் போகும், ஆனால் கடினமும் மென்மையும் மாறி மாறி வருவதால் ஃபீட்டைப் பாதியாகக் குறைத்து, ஒரு முனை போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓட்டுங்கள். குறுக்குத் துளையில் நுழையும்போதும் இதே வைத்தியம்.

யாருக்கு எது

ஒற்றை ஒற்றையாகப் பழுது வேலை, அங்குல மரை, அகட்டும் துளை, இதுதான் உங்கள் பிழைப்பு என்றால் யூ ட்ரில்லுக்கு வைத்த காசில் இரண்டு நல்ல டேப்பர் ட்ரில்லும் ஒரு நல்ல சாணைக்கல்லும் வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரே அளவில் நூறு துளை வந்தால் அந்த ஓர் அளவுக்கு மட்டும் யூ ட்ரில் எடுங்கள். செட்டாக வாங்க வேண்டாம். செட்டில் உள்ள மற்ற நாலும் பனியில் துருப்பிடித்துக் கிடக்கும். ரீகண்டிஷன் லேத் புதிதாக எடுக்கும் யோசனை இருந்தால், 1,500 சுற்றுக்கு மேலும் ஐந்து குதிரைவலுவுக்கு மேலும் உள்ளதைப் பாருங்கள். அப்போது இந்தக் கணக்கு முழுக்க யூ ட்ரில் பக்கம் சாயும்.

பொகவந்தலாவைத் தம்பிக்குத் திருப்பிப் பேசினேன். அவருக்கும் ட்ரையர் ரோலர் வேலைதான், இருநூறுக்குக் கிட்ட. 22 மி.மீ. ஒன்று மட்டும், விட்டத்தின் மூன்று மடங்கு நீளம், 25 ஷாங், ஒரு பெட்டி இன்சர்ட், பத்துத் திருகாணி என்று சொன்னேன். "கட்டைய மொதல்ல போட்டுட்டு அப்புறமா ட்ரில்ல வாங்குங்க தம்பி. இன்சர்ட் கழட்டுற அந்த நட்சத்திரச் சாவிய ரெண்டா வாங்குங்க. ஒன்னு எப்படியும் சுருள் வாளிக்குள்ள போயிரும்."